கல்லூரி நேர்காணலுக்குப் போகும் முன்

பெரும்பாலும் 'உன்னைப் பற்றிச் சொல்' என்றுதான் ஆரம்பிப்பார்கள், அதற்கு மதிப்பெண்களை ஒப்பிக்காதீர்கள், அதெல்லாம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. நீங்கள் சேர விரும்பும் பாடம் ஏன் பிடித்தது, அதற்காகப் பாடப்புத்தகத்துக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்று ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து விரிவாகச் சொல்லுங்கள். மனப்பாடம் வேண்டாம், நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி வந்தால் அங்கேயே அறுந்துவிடும். நாலைந்து குறிப்பு போதும். விண்ணப்பத்தில் எழுதியதை மறுபடி படியுங்கள், பொழுதுபோக்கு 'வாசிப்பு' என்று சும்மா போட்டிருந்தால் (பாதிப் பேர் அப்படித்தான்) கடைசியாக என்ன படித்தாய் என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படி யோசிக்கிறீர்கள் என்பதைக் காட்டுங்கள். அப்புறம், நீங்கள் கேட்கவும் இரண்டு கேள்வி வைத்திருங்கள், கல்லூரி இணையதளத்திலேயே பதில் கிடைக்கிற கேள்வியாக இருக்கக் கூடாது.