பாதி வீட்டு வேலை: யோசனை கேட்பதிலேயே நடக்கும் தவறுகள்

"பாத்ரூமுக்கு எந்த டைல்ஸ் போடலாம்?"

வீட்டில் ஒரு பகுதியை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். டைல்ஸை ஏன் மாற்ற வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். தோண்டித் துருவிக் கேட்டால், பக்கத்து அறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது, பெயின்ட் உப்பி உதிர்கிறது என்று மெதுவாக வெளியே வரும். சரி, அப்படியானால் டைல்ஸைப் பற்றிக் கேட்டு என்ன பயன்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றல்லவா கேட்க வேண்டும்!

பிரச்சினையைச் சொல்லாமல், நாமே முடிவு கட்டிவிட்ட தீர்வைப் பற்றி மட்டும் கேட்பது. என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிடும், புது டைல்ஸும் வந்துவிடும். சில மாதங்களில் அதே சுவர் அதே இடத்தில் மறுபடி உப்பும்.

ஓதம் என்றால் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்பே நாம் கொஞ்சம் துப்பறிந்து பார்க்கலாம். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. நகரவில்லை என்றால் கழிவுநீர்க் குழாய், தரை இடுக்கு, வெளிச்சுவர் ஆகியவற்றின் மேல் சந்தேகத்தைத் திருப்பலாம். இன்னொரு சோதனையும் உண்டு. ஈரச் சுவரைத் துடைத்துவிட்டு, ஓர் அடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரத்திலும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக்காற்றில் இருக்கும் ஈரம்; அதற்குக் காற்றோட்டம்தான் வேண்டும், கொத்தனார் வேண்டாம். இந்த இரண்டு விவரத்தோடு போய்க் கேட்டுப் பாருங்கள், வருகிற யோசனையே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்த தவறு, புதிதாக வரப்போவதைப் பற்றியே பேசி, பழசாக இருக்கப்போவதை மறந்துவிடுவது. பாதி வேலையில் தலைவலியெல்லாம் பழசும் புதுசும் சேரும் இடத்தில்தான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். குளியலறையில் பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டலாம் என்றார்கள். தூசி இல்லை, சத்தம் இல்லை, செலவும் குறைவு. வழுக்குமா, கறை பிடிக்குமா என்றெல்லாம் நாலு பேரிடம் விசாரித்தோம். டைல்ஸ் கனம் 9 மில்லிமீட்டர், அதற்குக் கீழே பசை ஒரு 4. தரை அரை அங்குலம் ஏறிவிட்டது. வேலை முடிந்த அன்று சாயங்காலம் கதவைச் சாத்தினால், பாதி தூரம் வந்து தரையில் உரசி நின்றது. கதவைக் கழற்றி அடியைச் செதுக்கியதில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. வாசல் விளிம்புக்குச் செதுக்கல் இல்லையே! உள்தரை அதன் உயரத்துக்கு ஏறிவிட்டதால், வேகமாகத் தண்ணீர் ஊற்றினால் அறைக்குள் எட்டிப் பார்க்கிறது. கதவுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று நாங்களும் சொல்லவில்லை, யோசனை சொன்னவர்களும் கேட்கவில்லை.

அதனால் யோசனை கேட்கும்போது பழைய பாதியின் ஜாதகத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டடத்துக்கு எத்தனை வயது, எத்தனையாவது மாடி, அந்த அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது, குழாய் இரும்பா பிளாஸ்டிக்கா, வயரிங் எப்போது செய்தது. விரிசல் என்றால் மிக அருகில் போய் ஒரு படம் எடுத்து அனுப்பினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. முழுச் சுவரும் தெரிய ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று எடுங்கள். பூச்சில் தலைமுடி போல வலை வலையாக ஓடுவது வேறு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவது வேறு. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் வளர்கிறது. பட்டி பார்த்து மூடுவது வீண். கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

சுவரை இடிப்பதாக இருந்தாலும் அவரேதான். "இது நாலரை இஞ்ச் சுவர்தானே, எடுத்துவிடலாம்" என்று யார் சொன்னாலும், கனத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அந்தச் சுவர் மேலே எதைத் தாங்குகிறது என்பதுதான் கேள்வி. நண்பர் தன் வீட்டில் இடித்திருப்பார். அவருடையது தூணும் பீமும் உள்ள வீடாக இருக்கலாம், நம்முடையது சுவர்களே பாரம் சுமக்கும் வீடாக இருக்கலாம். போட்டோவைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. கடைக்காரரோ காண்ட்ராக்டரோ பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. அவரவர் கண்ணுக்கு அவரவர் வேலைதான் முதலில் தெரியும்.

அப்புறம், நேரம். டைல்ஸ் ஒட்டிய பிறகு குழாயைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்பவருக்கே பாவமாக இருக்கும். சுவரை மூடுவதற்கு முன் குழாயில் அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும் கழிவுநீர்த் துளையை அடைத்து, 24 மணி நேரமாவது தண்ணீர் தேக்கிவைத்து, கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். தரையின் வாட்டம், அதாவது சரிவு, ஒரு மீட்டர் நீளத்துக்கு 12 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடும். சமையலறையில் புதுத் தண்ணீர்ச் சூடேற்றியும் மின்சார அடுப்பும் வருமென்றால், அலமாரி நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் பழைய வயர் தாங்குமா என்று கேட்டுவிடுங்கள்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பழைய சிமென்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்வாக உரசுவதோ மெஷின் வைத்து அறுப்பதோ கூடாது, முக்கியமாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கி, குறைந்த தொகையைக் கையில் வைத்துக்கொண்டு "இது நியாயமா?" என்று கேட்பவர்கள் உண்டு. மூன்றிலும் ஒரே வேலைகள்தானா என்று முதலில் பாருங்கள். இடிபாட்டை அள்ளுவது, பக்கத்துச் சுவருக்குப் பூச்சும் பெயின்டும், கழற்றிய பொருளைத் திரும்ப மாட்டுவது எல்லாம் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பழைய வீட்டைத் தொட்டால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பும். மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதம் தனியாக எடுத்துவைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது. சுவரை மூடும் முன், குழாயும் வயரும் தெரிய, பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து ஒரு படம் எடுத்துவையுங்கள். அடுத்த வருஷம் அந்தச் சுவரில் யாராவது ஆணி அடிக்க வருவார்கள்.