கால் எரிச்சல் நின்றதும் நிம்மதி அடையாதீர்கள்

சர்க்கரை நோயாளிகள் பலர் செய்யும் பெரிய தவறு, பாத எரிச்சல் அடங்கியதும் நரம்பு சரியாகிவிட்டதாக நம்புவது. எரிச்சல் இருந்த இடம் மரத்துப்போயிருந்தால், வலியை உணர்த்தும் நரம்பிழைகள் பட்டுப்போயிருக்கின்றன. இதுதான் ஆபத்தான கட்டம். செருப்புக்குள் கிடக்கும் கல் உறுத்தாது. முள் தைத்ததும் தெரியாது. சீழ் வடிந்த பிறகே புண் கண்ணில் படும்.

மரத்த காலை வெந்நீரில் வைக்காதீர்கள், ஒத்தடமும் கூடாது. கால் ஆணியை பிளேடால் நீங்களே சீவாதீர்கள். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடந்தவருக்கு, வீடு வந்த பின்தான் கொப்புளம் தெரியும். அதிகாலையிலேயே போய்விட்டு வாருங்கள். தினமும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குக் கண்ணாடி உதவும்.

எல்லாப் பழியையும் சர்க்கரையின் மேல் போடுவதும் தவறு. சர்க்கரை மாத்திரையான மெட்பார்மினை நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு, நரம்புக்குத் தேவையான பி12 வைட்டமின் குறையலாம். அதைப் பரிசோதிக்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தசோகை சரியாகும், நரம்புச் சேதமோ தொடரும். மது, தைராய்டு குறைபாடு, காசநோய்க்கான ஐசோநியாசிட் ஆகியவையும் காரணமாகலாம். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும்; அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடையில் கேட்டு வாங்கும் ‘நரம்புச் சத்து’ மாத்திரைகள் எனக்குக் கவலை தருகின்றன. அவற்றில் உள்ள பி6 வைட்டமின் அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

நரம்பில் மின் துடிப்பு எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை இயல்பாக இருப்பதால் நோயாளியின் எரிச்சல் பொய்யாகிவிடாது. அது தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது. எரிச்சலை உணர்த்துபவை மெல்லிய இழைகள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனையை ஆண்டுக்கொரு முறையாவது கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

பிரிகாபலின், டுலாக்செடின் போன்றவை வலியைக் குறைக்கும், நரம்பைச் சீராக்காது. அவற்றைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

இதுவரை சொன்ன நரம்புப் பாதிப்புகள் எல்லாம் மெல்ல வளர்பவை. சில நாட்களுக்குள் இரு கால்களும் பலமிழந்து, தளர்ச்சி மேலேறினால் அது, உடலின் நோய் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரி நோயாக இருக்கலாம். மூச்சுத் தசைகளும் செயலிழக்கக்கூடும். எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், அன்றே தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இம்யூனோகுளோபுலின் எனும் நோய் எதிர்ப்புப் புரதத்தை ஏற்றும் சிகிச்சையை அல்லது பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.