கவுட் வலி கிளம்பினால்

ராத்திரியில் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறதா? கவுட்டாக இருக்கலாம், அதாவது ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி மூட்டில் படிவதால் வரும் வலி. காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15-20 நிமிடம் வையுங்கள். எண்ணெய் போட்டு நீவாதீர்கள்.

கவுட் வலிக்கு டாக்டர் தரும் கோல்சிசின் மாத்திரையில்தான் கவனம் தேவை. வலி தாங்காமல் கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்வார்கள். அப்புறம் பேதி, வாந்தி. இதைச் சூட்டு வயிறு என்று மோர் குடித்துச் சமாளிக்காதீர்கள், அளவு மீறியதற்கு அதுதான் முதல் அடையாளம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சளிக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினாலும் கோல்சிசின் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஆகாது. கிட்னி கோளாறோ அல்சரோ இருந்தால் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு டைக்ளோபினாக் வலி மாத்திரை வாங்கவே கூடாது.

யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபுரினால் மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி திரும்ப வரலாம். மருந்து பலிக்கவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். ஆனால் உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ராகிக் களிக்குத் தடையில்லை. குடல், ஈரல், பீர் வேண்டாம். ஒகேனக்கல் போனால் மீன் வறுவல் ஒரு துண்டோடு சரி (கஷ்டம்தான்). கிருஷ்ணகிரி மாம்பழ சீசனில் சர்க்கரை போட்ட ஜூஸும் யூரிக் ஆசிட்டை ஏற்றும்.