கிரீஸ் குடாவில யாட்டுக்கு நங்கூரம் போடுறது எப்பிடி: திருகோணமலைத் தம்பிமாருக்கு

யாட்டில டெக் வேலைக்கு கிரீஸ் பக்கம் போக நினைக்கிற எங்கட தம்பிமாருக்காகத் தான் இதை எழுதுறன். உங்களுக்குக் கடல் பயமில்ல, கயிறு கட்டத் தெரியும், அது பெரிய பலம். ஆனா நங்கூர விசயத்தில எங்கட கைப்பழக்கம் ஒண்டை மாத்தியே ஆகோணும். எங்கட பைபர் போட்டுகளில இருக்கிறது நாலு கை நங்கூரம், அது பாரில கொளுவிப் பிடிக்கும், கயித்தை ஒருக்கா இழுத்துப் பாத்தா பிடிச்சிட்டுது எண்டு கைக்கே தெரியும். யாட் நங்கூரம் அப்பிடியில்ல, கலப்பைக் கொழு மாதிரி மணலுக்குள்ள உழுதுகொண்டு இறங்கித் தான் அது பிடிக்கும். அது இறங்கோணுமெண்டா இழுவை தரையோட கிடையா வரோணும், அதுக்குத் தான் அவ்வளவு நீளத்துக்குச் செயின் விடுறது. 40 அடி யாட் ஒண்டு எட்டு ஒம்பது தொன் வரும், அதின்ட நங்கூரம் 20 கிலோ சொச்சம் தான், பாரத்தால அது யாட்டைப் பிடிக்கேலுமா சொல்லுங்கோ.

முதல்ல இடம் பாக்கோணும். கோடை காலத்தில ஏஜியன் கடல்ல மெல்தெமி எண்டு ஒரு வடகாத்து அடிக்கும், ஜூலை ஆகஸ்ட்டில தான் உச்சம். வானம் பளிச்செண்டு ஒரு முகிலும் இல்லாமக் கிடக்கும், காத்து மட்டும் நாள்கணக்கில விடாமல் அடிக்கும், காத்தின்ட வேகம் அளக்கிற போபோர்ட் கணக்கில 7, 8 வரைக்கும் போறதும் உண்டு. வெளிச்ச வானத்தைப் பாத்து ஏமாறாதேங்கோ. வடகாத்தெண்டா தெற்கு பாத்த குடா தானே மறைவு எண்டு நினைப்பீங்கள், அலைக்கு மறைவு தான், ஆனா பின்னால உயரமான மலை இருந்தா காத்து மலையில ஏறி மற்றப் பக்கம் குப்பெண்டு விழும், வெளிக்கடலை விட அந்தக் குடாவுக்குள்ள அடி கூட இருக்கும். அதால பணிஞ்ச கரை இருக்கிற குடா கிடைச்சா அதைத் தெரிவு செய்யிறது நல்லம். வட கிரீஸில சித்தோனியா எண்டுற நிலமுனையில போர்த்தோ கூஃபோ எண்டு ஒரு குடா இருக்கு, வாய் ஒடுக்கம், உள்ளுக்குப் போனா பெரிய வட்டம், எங்கட உள் துறைமுகம் போல நாலு பக்கமும் நிலம் சுத்தி நிக்கும்.

ஆழம் அடுத்தது. கோணேசர் கோயில் மலை நேர கடலுக்குள்ள இறங்கிறதைப் பாத்து வளந்த ஆக்களுக்கு இது புதுசில்ல, கரை செங்குத்தெண்டா தண்ணிக்குள்ளயும் செங்குத்துத் தான். கொட்டியாரக் குடாவில கடலடிப் பள்ளத்தாக்கு எவ்வளவு கிட்ட வருதோ, கிரீஸிலயும் கன இடங்களில கரைக்குப் பக்கத்திலேயே ஆழம் விழும். ஒரு நல்ல செய்தி, அங்க வத்துப் பெருக்கு மிச்சம் குறைவு, பொதுவா ஒரு அடிக்குள்ள தான், அதால ஆழக் கணக்கில அது பெரிசாத் தலையிடாது.

தரை மணலா சேறா எண்டு பாருங்கோ. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கிறதால மேல இருந்தே தெரியும், வெளிர் நீலமாத் தெரியிறது மணல், கருமையாத் தெரியிறது பொசிடோனியா எண்டுற சாதாளை. சாதாளையில நங்கூரம் கீழ போகாமல் வேர்ல வழுக்கிக்கொண்டு வரும், பிடிச்ச மாதிரி இருந்திட்டு ராவில விட்டிடும். அதோட அந்தச் சாதாளை வருசத்துக்கு ஒருசில சென்டிமீட்டர் தான் வளரும், மீன் குஞ்சு பொரிச்சு வளர்ற இடமும் அது தான். புறாத்தீவில முருகைக்கல்லு மேல நங்கூரம் போட்டு என்ன கதி வந்ததெண்டு எங்களுக்குத் தெரியும் தானே, அங்கயும் அந்த நாசத்தைச் செய்ய வேண்டாம், மணல் திட்டைத் தேடிப் போடுங்கோ.

இனிச் செயின் கணக்கு. எக்கோ சவுண்டர் காட்டுற ஆழத்தோட தண்ணி மட்டத்தில இருந்து அணியம், அதாவது யாட்டின்ட முன்பக்கம், எவ்வளவு உயரமோ அதையும் கூட்டோணும், இதைத் தான் கனபேர் விடுறது. ஆழம் 5 மீட்டர், அணியம் 1 மீட்டர், மொத்தம் 6, அதை அஞ்சால பெருக்கினா 30 மீட்டர். சவுண்டர் அடிக்கட்டையில இருந்து கணக்கெடுக்குதா தண்ணி மட்டத்தில இருந்தா எண்டு முதல் நாளே கப்டனிட்டக் கேட்டு வையுங்கோ. காத்து பலமெண்டா ஏழால பெருக்குங்கோ, செயின் குறைவா கயிறு கூடவா இருந்தாலும் ஏழு தான்.

போடேக்க அணியத்தில நிக்கப் போறது நீங்கள் தான், சுக்கானில கப்டன். காத்திலயும் எஞ்சின் சத்தத்திலயும் கத்தினா ஒண்டும் கேக்காது, அதால கைச் சைகையை முதலே பேசி வையுங்கோ, செயின் போற திசைக்குக் கையை நீட்டுறது, நிப்பாட்ட முட்டி பிடிக்கிறது, இவ்வளவும் காணும். காலில சப்பாத்து இருக்கோணும், ஓடுற செயினுக்குக் கிட்ட விரல் போகவே கூடாது. அணியம் காத்தைப் பாத்து, யாட் முழுக்க நிண்டு, பின்னுக்கு நகரத் தொடங்கேக்க தான் நங்கூரத்தை விடோணும். நிண்ட இடத்திலயே கொட்டினா செயின் நங்கூரத்துக்கு மேலயே குவிஞ்சு சிக்கும். நகர நகர விட்டு நீட்டிக்கொண்டு போங்கோ.

கணக்குச் செயின் போனவுடன கப்டன் மெல்ல ரிவர்ஸ் போடுவார். இந்த நேரம் தான் முக்கியம், அவசரப்படாம, ஓட்டம் நிண்ட செயினுக்கு மேல கையை வையுங்கோ, அல்லது சப்பாத்துக் காலை வையுங்கோ. நங்கூரம் இழுபட்டுக்கொண்டு வந்தா செயின் கடகடவெண்டு நடுங்கும், விட்டு விட்டு இறுகும். பிடிச்சிட்டுதெண்டா இறுகி நேர்கோடா நிண்டு யாட்டை மெல்ல முன்னுக்கு ஒருக்கா இழுக்கும். பிறகு எஞ்சினைக் கூட்டி ரிவர்ஸில ஒரு அரை நிமிசம் வச்சுப் பாருங்கோ, கரையில ஒரு பாறையையும் அதுக்குப் பின்னால ஒரு வீட்டையும் ஒரே கோட்டில பிடிச்சுப் பாருங்கோ, ரெண்டும் விலகேல்ல எண்டா நங்கூரம் இருக்கு. விலகினா வெக்கப்படாமத் தூக்கித் திரும்பப் போடுங்கோ. முடிஞ்சா மாஸ்க் போட்டு இறங்கிப் பாக்கிறது தான் எல்லாத்திலயும் நம்பிக்கை, கொழு முழுக்க மணலுக்குள்ள போயிருக்கோணும்.

அதுக்குப் பிறகு ஸ்னபர் (snubber) எண்டுற இழுபட்டுக் குடுக்கிற கயித்தைச் செயினில கொளுவி இழுவையை அதுக்கு மாத்துங்கோ, செயின் தூக்கிற மோட்டர் இழுவை தாங்கச் செய்ததில்ல. நங்கூரத்தில நிக்கிறதுக்கு அடையாளமா பகலில அணியத்தில கறுப்புப் பந்து, ராவில சுத்திவரத் தெரியிற வெள்ளை லைட். போன்ல ஆங்கர் அலார்ம் போடுறதெண்டா நங்கூரம் விட்ட இடத்தை மையமா வையுங்கோ, யாட் நிக்கிற இடத்தை இல்ல. பக்கத்து யாட்டுகள் எவ்வளவு செயின் விட்டிருக்கினம் எண்டு கேளுங்கோ, காத்து திரும்பினா எல்லாரும் ஒரே மாதிரிச் சுத்தோணும்.

இடம் ஒடுக்கமெண்டா பின்பக்கத்தில இருந்து கரைக்குக் கயிறு கட்டுவினம். மிதக்கிற கயிறு தான் வேணும், கயிறு தண்ணிக்குள்ள தாண்டா எஞ்சின் காத்தாடியில சுத்தும். கரையில நல்ல பாறையா பாத்துக் கட்டுங்கோ, முனைக் கல்லுக் கயித்தை அறுக்கும்.

இங்க பழகிறதெண்டா கச்சான் காலத்தில டச்சுப்பே விடியக்காலையில தண்ணி ஆடாமக் கிடக்கும், மணல் தரை, ஒரு பைபர் போட்டும் ஒரு சின்னக் கலப்பை நங்கூரமும் காணும். மாஸ்க்கோட இறங்கி நிண்டு கயிறு குறையக் குறைய நங்கூரம் எப்பிடிப் பிடுங்குப்படுது எண்டு கண்ணால பாருங்கோ. வாடையில வேண்டாம்.

தூக்கேக்க யாட்டை மெல்ல எஞ்சினில முன்னுக்குக் கொண்டுபோய்ச் செயினைத் தளத்திக்கொண்டே தூக்குங்கோ. கிரீஸில நெருக்கமான குடாக்களில மற்றவேன்ர செயின் உங்கட நங்கூரத்தில மாட்டி வாறது சர்வ சாதாரணம். அப்ப அதைத் தண்ணி மட்டத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, ஒரு கயித்தை அந்தச் செயினுக்குக் கீழால விட்டு ரெண்டு முனையையும் டெக்கில கட்டிப்போட்டு, உங்கட நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்குங்கோ, அது விலகும். நங்கூரத்தை மேல எடுத்த பிறகு கயித்தின்ட ஒரு முனையை விட்டா மற்றச் செயின் தன்ட பாட்டில கீழ போய்டும்.