சுங்குடிச் சேலையில் சாயம் இறங்கியது: உப்பு கைவிட்டது, சுடுதண்ணீர் காப்பாற்றியது

விமானத்தில் 7 கிலோ கைப்பைக்குள் அடங்க வேண்டும் என்று இரண்டே உடுப்புகள். இரவில் அலசி உலர்த்தி மறுநாள் உடுத்துவதுதான் ஏற்பாடு. மதுரையில் வாங்கிய அரக்கு நிறச் சுங்குடிச் சேலை அதைக் கெடுத்தது. அலசிச் சுருட்டி வைத்த ஒரு மணி நேரத்தில் பக்கத்து வெள்ளைக் குர்தாவில் கறை.

முதலில் கல் உப்பு, ஒரு வாளிக்கு இரண்டு கைப்பிடி. தண்ணீர் தெளிந்தது. அடுத்த அலசலில் மறுபடி சிவப்பு. வினிகரும் அப்படியே. இப்படி மூன்று நாள் போயிற்று.

பலர் கவனிக்காதது இதுதான்: உப்பு சாயத்தைப் பிணைப்பதில்லை. நூலில் பிணையாமல் நிற்கும் உபரிச் சாயத்தை வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. உப்பில்லாத தண்ணீர் பட்டதும் அது கிளம்பிவிடும். ரியாக்டிவ் சாயத்தில், அதாவது பருத்தி நூலோடு வேதிமுறையில் பிணையும் சாயத்தில், அந்த உபரியை வெளியேற்றத்தான் வேண்டும்.

பலித்த வழி: உப்பில்லாமல் பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசினால் கஞ்சி போகும். பிறகு கொதிநீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரி. சிறிது திரவ சோப்பு விட்டு, குச்சியால் கிளறியபடி 10 நிமிடம். நாலாவது தண்ணீரில் தெளிந்தது. ஈரத்தில் வெள்ளைக் கைக்குட்டையை அழுத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. மடிக்காமல் உடனே நிழலில் விரித்தேன்.

கஞ்சி போனதால் சேலை பாதி தடிமனில் மடிந்தது, சீக்கிரம் உலர்ந்தது. பட்டு, ஜரிகைக்கரைச் சேலைகளுக்கு இந்தச் சூடு ஆகாது.