கோப்பை வட்டில் பத்திரமாக எழுதி முடிப்பது எப்படி

கோப்பில் எழுதச் சொல்லும் ரைட் (write) அழைப்பு வெற்றியுடன் திரும்பினாலும், தரவு பெரும்பாலும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் நினைவகத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் அது தொலைந்துவிடும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமை, இயல்பான ஆர்டர்டு (ordered) முறையில், மெட்டாடேட்டாவை (கோப்பின் பெயர், அளவு, இடம் போன்ற விவரங்களை) மட்டுமே ஜர்னல் எனும் மாற்றப் பதிவேட்டில் பதிகிறது. இது கோப்பு முறைமையின் கட்டமைப்பைக் காக்குமே தவிர, உங்கள் கோப்பின் புதிய உள்ளடக்கம் முழுமையாக வட்டில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

ஆகவே, பழைய கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். அதே கோப்பகத்தில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, உள்ளடக்கம் முழுவதையும் எழுதி, தரவை வட்டில் எழுதி முடிக்கச் செய்யும் எஃப்சிங்க் (fsync) அழைத்து, அது 0 (வெற்றி) என்று திருப்பியதை உறுதிசெய்த பிறகே ரீநேம் மூலம் பழைய பெயரைச் சூட்டுங்கள். இடையில் கணினி நின்றுபோனாலும், பழைய கோப்போ புதிய கோப்போ முழுதாகக் கிடைக்கும். பெயர் மாற்றம் கோப்பகத்தில் பதிவாவதால், அடுத்து அந்தக் கோப்பகத்தையும் திறந்து எஃப்சிங்க் செய்யுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான்.

எஃப்சிங்க் பிழை காட்டினால், அதையே மறுபடி அழைத்து வரும் வெற்றியை நம்ப வேண்டாம். வட்டில் எழுதப்படாத நினைவகப் பக்கங்களை எழுதி முடித்தவையாகக் கர்னல் ஏற்கெனவே குறித்திருக்கக்கூடும் என்பதால், தற்காலிகக் கோப்பை நீக்கிவிட்டு முதலிலிருந்து எழுதுவதே சரியான வழி. வேகத்துக்காக, கோப்பு முறைமையை இணைக்கும்போது (mount) தரும் நோபேரியர் (nobarrier) விருப்பத்தை இயக்குவதையும் தவிர்த்துவிடுங்கள். அது வட்டின் உள் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) உள்ளதை வட்டில் எழுதி, அதைக் காலிசெய்யும் கட்டளையையே நிறுத்திவிடும்.