கன்னைச் செருகினால் காசு யாருடையது? புது மின்கார்க்காரர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி ஒரு ஹோட்டல் வாசலில் வண்டியைச் சார்ஜ் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கன்னில், அதாவது வண்டியில் செருகும் சார்ஜர் பிளக்கில், பதிவு எண்கூட இன்னும் அழுக்குப்படாத புது வண்டி. ஓட்டி வந்த தம்பி போனில் சார்ஜிங் கம்பெனி ஆப்பையே முறைத்துக்கொண்டு நின்றான். "ணா, நேத்துதான் வாலெட்ல ரெண்டாயிரம் போட்டேன். இப்பப் பாத்தா எழுநூறு இருக்கு. நான் ஒரு தடவைகூடப் போடலையே" என்றான்.

பழைய வண்டியை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"அது வித்து ஒரு மாசம் ஆச்சு. ஏன்ணா?"

அன்று வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். தருமபுரியிலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு மின்காரில் வாடகை ஓட்டம் ஓட்டுகிறேன். இது நான்காவது வருடம். கன்னைச் சரியாகச் செருகாதது, ஆப்பில் தப்பான பாயிண்டைத் தேர்ந்தெடுப்பது போன்றவற்றை நீங்களே ஒருநாளில் கற்றுக்கொள்வீர்கள். தானாக அடையாளம் கண்டு தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் வசதி வந்த பிறகு முளைத்த தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் மேலே போனால் எதுவும் விளங்காது. வேகச் சார்ஜரில் தொங்கும் சிசிஎஸ்2 கன்னைத் திருப்பிப் பாருங்கள். கீழே இருக்கும் இரண்டு தடித்த முனைகள் மின்சாரத்துக்கு. மேலே இருக்கும் சின்ன முனைகளில் ஒன்றின் வழியாக வண்டியும் சார்ஜரும் பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சின் ஆரம்பத்திலேயே வண்டி தன்னுடைய அடையாள எண்ணைச் சொல்லிவிடும். பெரும்பாலும் அது வண்டிக்குள் இருக்கும் சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பெட்டியின் 12 இலக்க மேக் முகவரி. சார்ஜர் அதைத் தன் சர்வருக்கு அனுப்பும். சர்வர் எந்தக் கணக்கோடு அந்த எண் சேர்ந்திருக்கிறதோ அந்த வாலெட்டில் கை வைக்கும். இதற்கு ஆட்டோசார்ஜ் என்று பெயர்.

பிளக் அண்ட் சார்ஜ் என்பது வேறு. அது ஐஎஸ்ஓ 15118 தரத்தில் 2014லேயே வந்தது. வண்டிக்குள் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் உட்கார்ந்திருக்கும், பேச்செல்லாம் பூட்டுப் போட்டு நடக்கும். ஆட்டோசார்ஜில் அந்தப் பூட்டு இல்லை. தெரிந்தவன் நினைத்தால் மேக் முகவரியைப் போலியாகக் காட்டலாம். ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: சார்ஜருக்குத் தெரிவது வண்டியை மட்டும்தான். ஸ்டியரிங்கில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது.

ஃபாஸ்டேக் மாதிரிதானே என்று நினைப்பது

"ஃபாஸ்டேக்ல பணம் இருக்கே, அதுல எடுத்துக்காதா?" என்று என்னிடம் கேட்காத புது ஆள் இல்லை. 2021 பிப்ரவரியில் டோல்கேட்டில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து, வண்டி தொடர்பாகத் தானாகக் கழியும் பணம் எல்லாம் அதிலிருந்துதான் கழியும் என்று மனதில் பதிந்துவிட்டது. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படிக்கும் கருவி டோல்கேட் கூரையில் இருக்கிறது. நான் போட்ட எந்தச் சார்ஜரிலும் அது இல்லை. சார்ஜர் பேசுவது கன்னுக்குள் இருக்கும் அந்தச் சின்ன முனையோடு. அதனால் ஒவ்வொரு கம்பெனி ஆப்பிலும் தனித்தனியாகத்தான் வண்டியைச் சேர்க்க வேண்டும்.

வண்டியை விற்றுவிட்டு, ஆப்பில் அப்படியே விட்டுவிடுவது

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

என் முதல் மின்காரை ஒரு வைகாசியில் அரூர்க்காரர் ஒருவருக்கு விற்றேன். துணிக்கடை வைத்திருப்பவர், சரக்கு எடுக்க அடிக்கடி பெங்களூரு போகிறவர். விலை பேசும்போது கொஞ்சம் இழுத்தார். அவரை மடக்க வேண்டும் என்று நான் செய்த வேலை இருக்கிறதே! வண்டியில் உட்காரவைத்து பாயிண்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "பாருங்க, ஆப் வேணாம், கார்டு வேணாம், செருகினா போதும்" என்று செருகிக் காட்டினேன். அரை நிமிடத்தில் ஏற ஆரம்பித்தது. அவர் முகம் மலர்ந்தது. கேட்ட விலை கிடைத்தது.

அப்புறம் படிவம் 29, படிவம் 30 எல்லாம் கையெழுத்துப் போட்டேன். இன்சூரன்ஸ் மாற்றினேன். ஃபாஸ்டேக்கைக்கூட மறக்காமல் மூடினேன். ஆட்டோசார்ஜுக்கு எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை. அதனால் அது ஞாபகத்துக்கே வரவில்லை. புது வண்டியையும் அதே ஆப்பில், அதே வாலெட்டில் சேர்த்தேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்றால், அவர் சார்ஜ் போட்டதும் நான் போடும் அதே பாயிண்டுகளில்தான். அவரும் பெங்களூரு, நானும் பெங்களூரு. 'கிருஷ்ணகிரி, 580 ரூபாய்' என்று செய்தி வந்தால் நேற்று போட்டதாக இருக்கும் என்று தள்ளிவிடுவேன். இந்த மாதம் ஓட்டம் கொஞ்சம் ஜாஸ்தி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாலெட்டை நிரப்பிக்கொண்டே இருந்தேன்.

ஆடிப்பெருக்கு அன்று குடும்பத்தோடு ஒகேனக்கல்லில் இருந்தேன். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது போனில் செய்தி: உங்கள் வண்டி சார்ஜ் ஆகத் தொடங்கியது, கிருஷ்ணகிரி. என் வண்டி எனக்கு எதிரே, கதவில் ஈரத்துண்டு தொங்க நிற்கிறது. உடனே கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"சார், அது உங்க வண்டிதான், உங்க கணக்குல இருக்கு."

"என் வண்டி இங்க நிக்குதுங்க."

"உங்க கணக்குல ரெண்டு வண்டி இருக்கு சார்."

அப்போதுதான் உறைத்தது. பழைய ரசீதுகளை எடுத்துப் பிரித்துப் பார்த்ததில் பத்தொன்பது தடவை, 11,300 ரூபாய். கம்பெனி திருப்பித் தரவில்லை. கோபமாக இருந்தாலும், அவர்கள் பக்கம் தப்பு சொல்ல முடியவில்லை. பதிவான வண்டி வந்தது, பதிவான வாலெட்டில் எடுத்தார்கள். அரூர்க்காரருக்குப் போன் செய்தால், "நீங்கதானே சொன்னீங்க, செருகினா போதும்னு? வண்டியோட ஃப்ரீயா வர்றதுன்னு நெனச்சேன்" என்கிறார். என்ன பதில் சொல்வது? பாதிப் பணத்தைத் தீபாவளி வியாபாரம் முடிந்து கொடுத்தார். மீதிப் பாதியை நான் கேட்கவில்லை, கேட்கவும் முகம் இல்லை.

ஆகவே விற்கும்போது ஆப்பில் வண்டிப் பட்டியலைத் திறந்து அந்த வண்டியை நீக்குங்கள். எத்தனை ஆப்பில் சேர்த்தீர்களோ அத்தனையிலும். நீக்கியதோடு விடாமல், வாங்குகிறவரை அழைத்துக்கொண்டு ஒரு பாயிண்டுக்குப் போய் வெறுமனே செருகிப் பாருங்கள். சார்ஜிங் கம்பெனி தரும் கார்டைக் காட்டு, ஆப்பைத் திற என்று சார்ஜர் கேட்க வேண்டும். கேட்காமல் ஏற ஆரம்பித்தால் எங்கோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய வண்டி வாங்குகிறவரும் இதைச் செய்வது நல்லது. இல்லாவிட்டால் ஒருநாள் அவர் தன் பெயரில் சேர்க்கப் போகும்போது, ஏற்கெனவே பதிவான வண்டி என்று ஆப் மறுத்துவிடும். முன் உரிமையாளரைத் தேடி அலைய வேண்டும்.

விற்காதவர்களுக்கும் ஒரு சொல். மச்சான் திருப்பதி போக வண்டி கேட்டால், கொடுக்கும் முன் ஆட்டோசார்ஜை அணைத்துவிட்டுக் கொடுங்கள். மச்சானிடம் காசு கேட்க முடியாது.

ஒர்க்ஷாப்பில் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். திடீரென்று ஆட்டோசார்ஜ் வேலை செய்யவில்லை என்றால் சார்ஜரைத் திட்டுவதற்கு முன் அதை யோசியுங்கள்.

வரியை மறந்து வாலெட் நிரப்புவது

ஆப்பில் யூனிட் 20 ரூபாய் என்று போட்டிருந்தால் பல இடங்களில் அது வரிக்கு முந்தைய விலை. மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. 30 யூனிட்டுக்கு 600 என்று கணக்குப் போட்டு, கொஞ்சம் சேர்த்து 650 வைத்திருப்பீர்கள். உண்மையில் வேண்டியது 708. 27 யூனிட் தாண்டியதும் நின்றுவிடும். நீங்கள் உள்ளே தோசைக்குக் காத்திருப்பீர்கள். செருகினால் ஏறிவிட்டதே என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சேலத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது இன்னும் வலிக்கும். தொப்பூர் ஏற்றம் கணக்குப் போட்டதைவிட அதிகமாகக் குடித்திருக்கும்.

அதற்காக ஐயாயிரம் போட்டால் இவ்வளவு இலவசம் என்பதற்கெல்லாம் மயங்க வேண்டாம். நான்கு ஆப்பில் தூங்கும் பணம் ஒரு மாதத் தவணை.

ஏசி பாயிண்டில் ஆட்டோசார்ஜ் எதிர்பார்ப்பது

வராது. மெதுவாக ஏற்றும் சாதாரண ஏசி (மாறுதிசை மின்சார) கன்னில் வண்டி தன் எண்ணைச் சொல்வதில்லை.

என் போனில் சிக்னல் இருக்கிறதே என்று வாதாடுவது

சர்வரோடு பேசுவது சார்ஜருக்குள் இருக்கும் சிம். உங்கள் போனில் ஐந்து கோடு இருந்தாலும் அந்தப் பெட்டிக்கு இணைப்பு இல்லையென்றால் அது உங்கள் வண்டியை அடையாளம் காண வழியில்லை. சில சார்ஜர்கள் தெரிந்த எண்களைத் தங்களிடமே சேமித்து வைத்து அனுமதிக்கும். எது அப்படிச் செய்யும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. திரையில் ஆஃப்லைன் என்று காட்டினால் மல்லுக்கட்டாமல் அடுத்த பாயிண்டுக்குப் போங்கள். கையில் ஒரு கார்டும், ஆப்பும் எப்போதும் இருக்கட்டும். எல்லாம் தானாக நடக்கும் என்று கார்டை வீட்டில் போட்டுவிட்டு வந்தவன் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு ராத்திரி என் கார்டைக் கேட்டு நின்றிருக்கிறான்.

கார்டைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது

அன்று ராத்திரி நான் செய்தது இதுதான். தேய்த்தேன், ஏற ஆரம்பித்தது, கிளம்பிவிட்டேன். தொடங்கிய கார்டையே காட்டினால்தான் பல சார்ஜர்கள் நிறுத்தும், கன்னை விடும். ஓசூர் தாண்டிய என்னைப் போனில் பிடித்தான். ஆப்பிலிருந்து நிறுத்தினேன். அது மட்டும் முடியாமல் போயிருந்தால் இரண்டு பேருக்கும் அன்று தூக்கம் இல்லை.

சார்ஜர் மேல் தனியாக ஒட்டிய கியூஆர்

ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். அடியில் இன்னொன்று இருந்தால் பணம் அனுப்பாதீர்கள்.

சிவப்புப் பொத்தான்

அது தீ, புகை, ஷாக் வந்தால் தட்டுவதற்கு. வண்டியை எடுக்க அவசரம் என்று தட்டினால், யாராவது வந்து திருப்பி விடும் வரைக்கும் பின்னால் நிற்கிறவனுக்கும் சார்ஜ் இல்லை.